பாப்பா ஏன் வெளுத்துட்டா? – ஒரு புதிய கேமரா எனக்குக் கற்பித்தவை

ஆறு ஆண்டுகளாக என்னோடு பள்ளிக்கு வந்துபோன கைப்பேசியால் இனி முடியாது என்ற நிலை வந்தது. செயலியைத் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். நினைவகம் நிறைந்துவிட்டது என்று தினமும் எச்சரிக்கை வரும். பாடநூலில் உள்ள விரைவுத் துலங்கல் குறியீட்டை ஸ்கேன் செய்வதற்குள் பாடவேளையில் பாதி போய்விடும். இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒருவழியாகப் புதிய கைப்பேசி வாங்கினேன். பின்பக்கம் மூன்று கேமரா, 50 மெகாபிக்சல் என்று பெட்டியிலேயே பெரிதாக அச்சிட்டிருந்தார்கள்.

மறுநாள் ஏழாம் வகுப்புக் குழந்தைகளைப் பள்ளித் தோட்டத்தின் அருகே நிற்கவைத்து ஒரு குழுப்படம் எடுத்தேன். பளிச்சென்று வந்திருந்தது. மகிழ்ச்சியோடு வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தேன். இரவு எட்டு மணிக்கு பெங்களூரிலிருந்து ஒரு தாயின் குரல்பதிவு வந்தது.

“டீச்சர், பாப்பா ஏன் இப்பிடி வெளுத்துப் போயிட்டா? ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா? எங்கம்மா எதையும் சொல்ல மாட்டாங்க. நீங்களாவது உண்மையச் சொல்லுங்க டீச்சர்.”

எங்கள் ஏரியூர்ப் பகுதியில், காவிரி மேட்டூர் நீர்த்தேக்கமாக விரிந்து கிடக்கும் நாகமரை வரையுள்ள ஊர்களில், அப்பாவும் அம்மாவும் வெளியூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, பாட்டி தாத்தாவிடம் வளரும் குழந்தைகள் உண்டு. அந்தத் தாய் மகளைப் பொங்கலுக்குப் பார்த்ததுதான். இடையில் அவருக்குக் கிடைப்பவை தொலைபேசிக் குரலும் இப்படி எப்போதாவது வரும் படமும் மட்டுமே. முகம் வெளுப்பது இரத்தசோகையின் அறிகுறி என்று பள்ளியில் நாம்தானே சொல்லிக்கொடுத்திருக்கிறோம்? அவர் பயந்ததில் தவறில்லை.

மறுநாள் காலை அந்த மாணவியை அழைத்துப் பேசினேன். நன்றாகச் சாப்பிடுகிறாள், இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள்கிறாள், முந்தின நாள் கபடியில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறாள். முகத்தில் எந்த வெளுப்பும் இல்லை. படத்தைக் காட்டினேன். சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இது நான் மாதிரியே இல்ல டீச்சர். என் தழும்பக் காணோம்” என்றாள். சின்ன வயதில் விழுந்ததில் அவளுடைய இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு உண்டு. படத்தில் அந்த இடம் வழவழவென்று இருந்தது.

பழைய கைப்பேசி இன்னும் பையில்தான் இருந்தது. அவளிடம் கேட்டுவிட்டு, அதே இடத்தில் அதே வெளிச்சத்தில் இரண்டிலும் ஒவ்வொரு படம் எடுத்தேன். பழையதில் படம் கொஞ்சம் மங்கல், கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருந்தது. ஆனால் அதில் அவள் இருந்தாள், தழும்பும் இருந்தது. புதியதில் படம் தெளிவு. அவள்தான் இல்லை.

அறிவியல் ஆசிரியராக இருந்துகொண்டு கையில் உள்ள கருவி என்ன செய்கிறது என்று தெரியாமல் இருக்கலாமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அதன்பிறகு தேடிப் படித்ததையும் வகுப்பறையில் செய்து பார்த்ததையும் இங்கே பகிர்கிறேன்.

50 மெகாபிக்சல் எங்கே போனது?

ஊசித்துளை கேமராவை நாம் எல்லோரும் அட்டைப்பெட்டியில் செய்து காட்டியிருப்போம். துளை வழியாக வரும் ஒளி எதிர்ப்புறத் திரையில் தலைகீழ் பிம்பமாக விழும். கைப்பேசி கேமராவும் அடிப்படையில் அதே பெட்டிதான். துளைக்குப் பதில் வில்லைகள், திரைக்குப் பதில் விரல் நகத்தைவிடச் சிறிய ஓர் ஒளியுணரிச் சில்லு.

அந்தச் சில்லில் லட்சக்கணக்கான நுண்ணிய ஒளியுணரும் கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியின் அளவை எண்ணாக மாற்றுகிறது. 1975-இல் அமெரிக்காவில் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமராவில் இத்தகைய கட்டங்கள் 100 × 100, அதாவது 10,000 மட்டுமே இருந்தன. அதன் எடை சுமார் 3.6 கிலோ. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி ஆனது. இன்று சட்டைப் பைக்குள் 5 கோடி கட்டங்கள்.

ஆனால் நான் எடுத்த படத்தின் விவரத்தைத் திறந்து பார்த்தால் 4096 × 3072 என்று இருந்தது. குழந்தைகளைப் பெருக்கச் சொன்னேன். 1,25,82,912 வந்தது. 50 மெகாபிக்சல் என்றால் 5 கோடி வரவேண்டுமே, மீதி எங்கே என்று கேட்டார்கள். நல்ல கேள்வி.

கட்டம் சிறிதானால் அதில் விழும் ஒளியும் குறையும். மழைக்கு வாசலில் ஒரு குண்டாவையும் ஒரு டம்ளரையும் வைத்தால் எதில் அதிக நீர் சேரும்? அதுபோலத்தான். ஆகவே அருகருகே உள்ள நான்கு சிறு கட்டங்களின் ஒளியைக் கூட்டி ஒரே கட்டமாகக் கேமரா கணக்கிடுகிறது. 5 கோடி நான்கால் வகுபட்டு ஒன்றேகால் கோடி ஆகிறது. மங்கலான வகுப்பறையிலும் படம் தெளிவாக வருவதற்கு இது ஒரு காரணம். முழு 50 மெகாபிக்சலில் எடுக்கத் தனி அமைப்பு உண்டு. கரும்பலகையில் எழுதிய நீண்ட பாடக்குறிப்பைப் படமெடுக்க மட்டுமே நான் அதைப் பயன்படுத்துகிறேன்.

மூன்று கேமராக்களில் முதன்மையானது ஒன்றுதான் என்பதையும் கண்டுகொண்டேன். மற்றொன்று அகலக் கேமரா. அதில் வரிசையின் இரு ஓரங்களிலும் நிற்கும் குழந்தைகளின் முகமும் உடலும் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரியும். பள்ளிக் குழுப்படத்துக்கு அது வேண்டாம்; நான்கு அடி பின்னால் போய் முதன்மைக் கேமராவிலேயே எடுக்கலாம். மூன்றாவது, மிக அருகில் எடுக்க உதவும் 2 மெகாபிக்சல் மேக்ரோ. நல்ல வெயிலில் மட்டும் பயன்படும்.

படம் எடுப்பதா, கணக்கிடுவதா?

ஒளியுணரிக் கட்டங்களுக்கு நிறம் தெரியாது. ஒளியின் அளவு மட்டுமே தெரியும். அதனால் கட்டங்களின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வைக்கப்படுகின்றன. இந்த அமைப்புக்குக் கோடாக்கைச் சேர்ந்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்றார். நான்கு கட்டங்களில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். நம் கண் பச்சை ஒளியை நன்றாக உணர்வதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. ஒவ்வொரு கட்டமும் ஒரு நிறத்தை மட்டுமே அளக்கிறது. மற்ற இரண்டையும் பக்கத்துக் கட்டங்களைப் பார்த்துக் கேமரா கணித்துக்கொள்கிறது. ஆக, படத்தில் நாம் பார்க்கும் நிறத்தில் மூன்றில் இரண்டு பங்கு கணக்கீடு. இது பழைய கைப்பேசிக்கும் பொருந்தும்.

புதிய கைப்பேசி இதற்கு மேலும் செல்கிறது. நாம் ஒருமுறை தொட்டால் அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குகிறது. வெயில் அடிக்கும் மைதானத்துக்கு எதிரே, நிழலான வராந்தாவில் குழந்தைகள் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய கேமராவில் முகம் தெரிந்தால் மைதானம் வெள்ளையாகிவிடும்; மைதானம் தெரிந்தால் முகம் இருண்டுவிடும். புதியது ஹெச்டிஆர் என்ற முறையில் பல படங்களைச் சேர்த்து இரண்டையும் காட்டுகிறது. இது உண்மையிலேயே பயனுள்ளது. ஆனால் நிழலிலுள்ள முகத்தை உயர்த்தும்போது சில நேரம் தேவைக்கு மேல் வெளுக்கவும் செய்கிறது.

போர்ட்ரெய்ட் முறையில் பின்னணி மங்குவதும் பெரும்பாலும் கணக்கீடுதான். எது ஆள், எது பின்னணி என்று கைப்பேசி ஊகிக்கிறது. இரட்டைச் சடையின் ரிப்பன் பாதி தெளிவாகவும் பாதி மங்கலாகவும் வருவது அந்த ஊகம் தவறும் இடம்.

கடைசியாக, நான் தேடிய இடத்துக்கு வந்தேன். கேமராவின் அமைப்புகளில் ‘பியூட்டி’ என்று ஒன்று, நான் தொடாமலேயே நடு அளவில் இயங்கிக்கொண்டிருந்தது. முகம் என்று கண்டால் தோலை வழவழப்பாக்கு, வெளுப்பாக்கு, கண்ணைப் பெரிதாக்கு, தாடையை ஒடுக்கு என்பது அதன் வேலை. பருவையும் மருவையும் தழும்பையும் அது பிழை என்றே கருதுகிறது. அந்த மாணவியின் புருவத் தழும்பு அங்கேதான் காணாமல் போயிருந்தது.

இது இன்று தொடங்கியதல்ல

படச்சுருள் காலத்தில், நிறம் சரியாக அச்சாகிறதா என்று பார்க்கக் கோடாக் நிறுவனம் ஸ்டுடியோக்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பும். அதற்கு ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர். அதிலிருந்தவர் ஒரு வெள்ளைத் தோல் பெண். அவருடைய முகம் சரியாக வந்தால் நிறம் சரி என்று பொருள். கறுத்த தோலுள்ளவர்கள் அந்தப் படச்சுருளில் விவரமின்றி இருண்டு போனார்கள். சாக்லேட்டின் பழுப்பும் மரச்சாமான்களின் பழுப்பும் சரியாக வரவில்லை என்று அந்த உற்பத்தியாளர்கள் குறை கூறியதும் பிற்காலத்தில் படச்சுருள் மேம்பட ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மனிதர்களின் குறையைவிட மேசை நாற்காலியின் குறை சீக்கிரம் கேட்டிருக்கிறது!

இப்போது சில நிறுவனங்கள் இதை உணர்ந்திருக்கின்றன. கூகுள் நிறுவனம் 2020-இல் தன் பிக்சல் கைப்பேசிகளில் முகத்தைத் திருத்தும் வசதியை இயல்பாகவே அணைத்துவைக்க முடிவு செய்தது. 2021-இல் பல நிறத் தோல்களையும் உள்ளபடி காட்டும் முயற்சியாக ‘ரியல் டோன்’ என்பதைக் கொண்டுவந்தது. ஆனால் நம் கையிலுள்ள கைப்பேசி எதுவானாலும், அமைப்புகளைத் திறந்து பார்க்கவேண்டியவர்கள் நாம்தான்.

‘கறுப்பு ஒரு குறை’ என்று நம் குழந்தைகள் வீட்டில், தெருவில், விளம்பரத்தில் கேட்டுக்கொண்டே வளர்கிறார்கள். பள்ளியாவது அதைச் சொல்லாத இடமாக இருக்கவேண்டும். ஆசிரியர் எடுத்த படமே ஒரு குழந்தையிடம் ‘நீ இப்படி இருந்திருக்கலாம்’ என்று சொன்னால், நாம் நடத்தும் சமத்துவப் பாடத்துக்கு என்ன மதிப்பு?

வகுப்பறையில் செய்து பார்த்தவை

இதையே ஒரு பாடவேளையாக்கினேன். சோதனைப் பொருள் என் முகம்தான். குழந்தைகளின் முகத்தை இதற்குப் பயன்படுத்தவில்லை. பியூட்டி அளவைப் பூஜ்யத்தில் ஒன்று, பாதியில் ஒன்று, முழு அளவில் ஒன்று என மூன்று படங்கள் எடுத்து ஸ்மார்ட் வகுப்பறைத் திரையில் காட்டினேன். என்னென்ன மாறியிருக்கிறது என்று பட்டியலிடச் சொன்னேன். கண்ணுக்குக் கீழ் கருவளையம், நெற்றிச் சுருக்கம், கன்னத்து மரு, தாடை அகலம் என்று பதினொரு மாற்றங்கள் எழுதினார்கள். “டீச்சர், மூணாவது படத்துல நீங்க காலேஜ் படிக்கிற அக்கா மாதிரி இருக்கீங்க” என்று ஒருவன் சொல்ல, வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியபின், “விளம்பரத்துல வர்ற அக்காங்களும் இப்படித்தானா டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். நான் திட்டமிட்ட பாடத்தின் நோக்கத்தை அவளே சொல்லிவிட்டாள்.

ஒரு கைப்பேசி மட்டும் இருந்தாலே செய்யக்கூடிய வேறு சில செயல்பாடுகள்:

1. டிவி ரிமோட்டின் முனையைக் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் வெண்மையாகவோ ஊதாவாகவோ மின்னும். பின் கேமராவில் தெரியாவிட்டால் முன் கேமராவில் பாருங்கள். வடிகட்டியின் வலிமை அதற்கு அதற்கு மாறும்.

2. வெளிச்சமான இடத்தில் மேசை விசிறியை ஓடவிட்டுப் படமெடுங்கள். இறக்கைகள் வளைந்து தெரியும். ஒளியுணரி படத்தை ஒரே நொடியில் அல்லாமல் வரிசை வரிசையாகப் படிப்பதே காரணம். கடைசி வரிசையைப் படிப்பதற்குள் இறக்கை நகர்ந்துவிடுகிறது.

3. ஒரு கைப்பேசியின் திரையை வெள்ளையாக்கி, கைலென்ஸை இடையில் வைத்து இன்னொரு கைப்பேசியால் படமெடுங்கள். வெள்ளை மறைந்து சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் தெரியும். மூன்று நிற ஒளி சேர்ந்து வெள்ளையாவதைக் குழந்தைகள் கண்ணால் காண்பார்கள்.

4. பச்சைப்பயற்றை ஈரத்துணியில் முளைக்கவைத்து, தரையில் குறித்த ஒரே இடத்திலிருந்து தினமும் ஒரே நேரத்தில் ஒரு படம் எடுங்கள். அருகில் அளவுகோல் இருக்கட்டும். வாரக் கடைசியில் படங்களிலிருந்தே வளர்ச்சி வரைபடம் போடலாம்.

இவற்றைச் செய்யும்போது ஹெச்டிஆர், ஏஐ என்றிருக்கும் திருத்தங்களை அணைத்துவிடுவது நல்லது. கருவி உள்ளதை அளக்கவேண்டும், அழகாக்கக் கூடாது என்பதே அறிவியலின் முதல் பாடம்.

பழைய கைப்பேசியைக் கொடுக்கும் முன்

இன்னொரு பாடத்தைக் கடைசி நேரத்தில் கற்றேன். பழையதை மாற்றிக்கொண்டால் விலையில் கொஞ்சம் கழிப்பார்கள் என்றார்கள். கொடுக்கும் முன் அதைத் திறந்து பார்த்தேன். ஆறு ஆண்டுக் குழந்தைகளின் படங்கள். உதவித்தொகைக்காகப் பெற்றோர் அனுப்பிய ஆதார் அட்டைகள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கங்கள், மதிப்பெண் பட்டியல்கள். ஒரு வகுப்பின் மொத்தக் குடும்பங்களும் அந்தக் கைப்பேசிக்குள் இருந்தன!

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தை என்கிறது. அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பது அதன் பொதுவிதி. சட்டம் இருக்கட்டும், நம்பிக் கொடுத்தவர்களுக்கு நாம் செய்யவேண்டிய கடமையும் அதுவே.

எனவே தேவையானவற்றை நகலெடுத்துக்கொண்டு, சிம்மையும் நினைவக அட்டையையும் கழற்றி, கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, அதன்பிறகு ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்தேன். படங்களைத் தனித்தனியாக அழிப்பது மட்டும் போதாது.

கேமராவின் அமைப்பில் இருப்பிடப் பதிவையும் அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் படத்துக்குள்ளேயே பதியும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் நீங்காது. இப்போது நான் பெற்றோரிடம் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே எழுத்தில் ஒப்புதல் வாங்குகிறேன். தனி ஒரு குழந்தையின் படத்தை அதன் பெற்றோருக்கு மட்டுமே அனுப்புகிறேன்.

சுத்தமாக்கிய பழைய கைப்பேசியை நான் விற்கவில்லை. சிம் இல்லாமல், இணையம் இல்லாமல் அது எங்கள் வகுப்பின் அறிவியல் கேமரா ஆகிவிட்டது. பேட்டரி உப்பியிருக்கிறதா என்று அவ்வப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். எறும்புப் புற்று, கேழ்வரகுக் கதிர், வேலியில் ஓணான் உரித்த சட்டை என்று குழந்தைகள் எடுத்துவரும் படங்களில் பாதிக்கு எனக்கே விடை தெரிவதில்லை, சேர்ந்து தேடுகிறோம்.

அந்தத் தாய்க்கு அன்றைக்கே பதில் சொல்லிவிட்டேன். “பாப்பாவுக்கு ஒன்னும் இல்லைங்க. என் போன்தான் தப்பாக் காட்டிடுச்சு” என்று சொல்லி, திருத்தங்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எடுத்த இன்னொரு படத்தை அவருக்கு மட்டும் அனுப்பினேன். சிறிது நேரத்தில் பதில் குரல்பதிவு வந்தது.

“இப்பத்தாங்க டீச்சர் என் பொண்ணு மாதிரி இருக்கா. அந்தத் தழும்பு, அவ மூணு வயசுல திண்ணையில இருந்து விழுந்தது. நான்தாங்க மஞ்ச வெச்சுக் கட்டுனேன்.”

ஆசிரிய நண்பர்களே, இன்று பள்ளிக்குப் போனதும் உங்கள் கைப்பேசியின் கேமரா அமைப்புகளை ஒருமுறை திறந்து பாருங்கள். இரண்டு நிமிடம் போதும்.